டெல்லியிலிருந்து லேவுக்கு பைக்கில்: எந்த வழியாக ஏறுவது, எந்த மாதம் போவது

கேள்வி இதுதான்: "சொந்த ஊர் சேலம், வேலை குருகிராமில். 350 சிசி புல்லட் வைத்திருக்கிறேன். ஜூலையில் பத்து நாள் லீவு கிடைக்கும். மனாலி வழியாக லடாக்கில் இருக்கும் லே போய், அதே வழியில் திரும்பலாம் என்று நினைக்கிறேன். ஊட்டி, கொல்லிமலை எல்லாம் ஓட்டிய பழக்கம் உண்டு. வழியில் மழையும் குளிரும் எப்படி இருக்கும்? என்ன தயாரிப்பு வேண்டும்?"

உங்கள் திட்டத்தில் இரண்டை மாற்றச் சொல்வேன். ஜூலை வேண்டாம், செப்டம்பர் முதல் பாதிக்குத் தள்ளிப் போடுங்கள். அப்புறம், மனாலி வழியாக ஏற வேண்டாம். ஸ்ரீநகர் வழியாக ஏறி, மனாலி வழியாக இறங்குங்கள். டெல்லியில் இருந்துகொண்டு இந்தப் பாதையில் நான்கு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை நீங்கள் சொல்கிற அதே திட்டத்தோடுதான் கிளம்பினோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உயரத்தை முதலில் பார்ப்போம், மழையைவிட அதுதான் பெரிய விஷயம். மேலே போகப் போகக் காற்று மெலியும், அதற்குப் பழக உடம்புக்கு நாள் வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர். மனாலி அதைவிடக் கொஞ்சம் குறைவு, 2,050 மீட்டர் அளவு. ஆக மனாலி வரை உங்கள் உடம்புக்கு ஒன்றும் புதிதில்லை. அதற்கடுத்த இரவு ஜிஸ்பாவில், 3,200 மீட்டர். மறுநாள்தான் சிக்கல். பாரலாச்சா கணவாயை 4,850 மீட்டரில் தாண்டி, சர்ச்சுவில் கூடாரம் போட்டுப் படுத்தால் அந்த இடமே கிட்டத்தட்ட 4,300 மீட்டர். இரண்டு இரவில் உடம்பை 2,200 மீட்டர் மேலே தூக்கிவிடுகிறீர்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் கடைப்பிடிக்கும் விதி. பகலில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தொட்டுவிட்டு வரலாம். இரவில் எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

எங்கள் முதல் பயணத்தில் சர்ச்சுவில்தான் தங்கினோம். சாயங்காலம் நண்பனுக்குத் தலைவலி. வெயிலில் வந்த களைப்பு என்று ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் படுத்தோம். பதினொரு மணிக்கு வாந்தி. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவன், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றான். கூடாரக்காரர் டார்ச் அடித்து அவன் உதட்டைப் பார்த்துவிட்டு, "இவரை உடனே கீழே கொண்டு போங்கள்" என்றார். அப்போதுதான் அந்த இடத்தின் பொறி எங்களுக்குப் புரிந்தது. சர்ச்சுவுக்கு இரண்டு பக்கமும் கணவாய்கள். கீழே இறங்க வேண்டுமென்றாலும் முதலில் 4,850 மீட்டர் உயரத்துக்கு ஏறித்தான் இறங்க வேண்டும். விடியற்காலையில் ஒரு ஜீப் கிடைத்து, பாரலாச்சா தாண்டி, கீலாங் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே அவனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் அவன் தோசை கிடைக்குமா என்று கேட்கும் அளவுக்குத் தெளிந்துவிட்டான். மூவாயிரம் மீட்டருக்கு இறங்கியதுதான் மருந்து. ஆனால் அந்த நான்கு மணி நேரம் எங்களுக்கு எப்படிப் போனது என்று எழுத வார்த்தை இல்லை.

ஸ்ரீநகர் வழியில் பாருங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676, லே 3,500. படிக்கட்டு மாதிரி. நடுவில் வரும் சோஜி லா (லா என்றால் கணவாய்) 3,528 மீட்டர்தான், அந்தப் பாதையிலேயே உயர்ந்த இடமான ஃபோட்டு லா 4,108 மீட்டர்தான். இரண்டையும் பகலில் தாண்டிவிட்டு, இறங்கித்தான் தூங்குகிறீர்கள். லேயில் இரண்டு முழு நாள் ஓய்வு எடுத்துவிட்டு மனாலி பக்கம் கிளம்பினால், அதே சர்ச்சுவில் நிம்மதியாகத் தூக்கம் வரும். உடம்பு அதற்குள் பழகியிருக்கும்.

லேயில் முதல் நாள் நிஜமாகவே சும்மா இருங்கள். கடைத்தெரு வரை நடக்கலாம், அவ்வளவுதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்க டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அது சல்ஃபா வகை மருந்து, சிலருக்கு ஒவ்வாது. கிளம்புவதற்கு முன்னால் டெல்லியிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டதால் உயரத்தை ஏமாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

சரி, மழைக்கு வருகிறேன். உங்களுக்கு நம்மூர் மலையை வைத்தே சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவமழை வால்பாறையில் கொட்டித் தீர்க்கும்போது, மலைக்கு இந்தப் பக்கம் உடுமலையில் காற்றுதான் அடிக்கும். மலை மேகத்தைத் தடுத்துப் பிழிந்துவிடுகிறது. வடக்கேயும் இதே கதைதான், மலையின் அளவுதான் வேறு. மனாலிக்கு மேலே நிற்கும் பீர் பஞ்சால் தொடர்தான் அந்தத் தடுப்பு. தெற்குப் பக்கம் குலுவும் மனாலியும் நனையும். வடக்குப் பக்கம் லாஹௌல் பள்ளத்தாக்கு காயும். இன்னும் வடக்கே போகப் போக மரமே இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்க அடல் சுரங்கத்தைப் போல ஓர் இடம் கிடையாது. 2020 அக்டோபரில் திறந்தார்கள், நீளம் 9.02 கிலோமீட்டர், மனாலிக்கு மேலே ரோதாங் கணவாய்க்கு அடியில் போகிறது. ஒரு ஆகஸ்ட் மாதம் தெற்கு வாயிலில் நான் நுழைந்தபோது ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. தேவதாரு மரங்கள் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தன. உள்ளே கால் மணி நேரம் ஓடியிருக்கும். வடக்கு வாயிலில் வெளியே வந்தால் கண் கூசும் வெயில். தரை காய்ந்து கிடக்கிறது. சிஸ்ஸு பக்கம் உருளைக்கிழங்கு வயலில் பெண்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். என் மழைக்கோட்டிலிருந்து ஆவி பறக்கிறது. சோஜி லாவிலும் இதே மாதிரி ஒரு மாற்றம் உண்டு. சோன்மார்க் பக்கம் பச்சைப் புல்லும் பைன் மரமும், கணவாய் தாண்டிச் சில கிலோமீட்டரில் வெறும் பழுப்பு மலை. அங்கே மழைநாளில் சாலை சேறாகிவிடும், உயரம் குறைவு என்று அலட்சியமாகப் போகாதீர்கள்.

"அப்படியானால் ஜூலையில் போனால் என்ன, லடாக்கில் மழையே இல்லையே" என்று தோன்றும். லடாக் போய்ச் சேருவதற்கு நனையும் பக்கத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? 2023 ஜூலையில் இரண்டு மூன்று நாள் மழையில் பியாஸ் ஆறு பெருகி, மண்டியிலிருந்து மனாலி போகும் நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. ஜம்மு ஸ்ரீநகர் சாலையில் ராம்பன் பக்கமும் மழைக்காலத்தில் மண் சரியும், வழி அடைத்தால் நாள் கணக்கில் நிற்க வேண்டிவரும். லடாக்கிலேயே எப்போதாவது பெய்தால் அது இன்னும் மோசம். லேயில் வருஷத்துக்கே சுமார் பத்து சென்டிமீட்டர்தான் மழை. அந்த மலைகளில் மண்ணைப் பிடித்துக்கொள்ள மரமோ வேரோ கிடையாது. 2010 ஆகஸ்டில் ஒரே இரவில் கொட்டிய மேகவெடிப்பில் இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். லடாக்கில் மேகம் கறுத்தால் ஓடைக்கரையில் கூடாரம் போடாதீர்கள், இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

செப்டம்பர் நடுவில் வடமேற்கிலிருந்து பருவமழை விலகத் தொடங்கும். வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். அதே நேரம் பனி உருகுவதும் குறைவதால் சாலையைக் குறுக்கே வெட்டிப் போகும் ஓடைகளில் தண்ணீர் வடிந்திருக்கும். என் நான்கு பயணங்களில் செப்டம்பரில் போன ஒன்றுதான் முழுக்க ரசித்து ஓட்டியது. ஆனால் இருபதாம் தேதிக்குள் மனாலி வந்து சேர்ந்துவிடும்படி கணக்குப் போடுங்கள். 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் சீக்கிரமே பனி கொட்டி, லாஹௌலில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயத்தை இப்போது சொல்கிறேன். இந்தச் சாலையில் குளிர், தண்ணீர், காற்று மூன்றுக்கும் கடிகாரம் உண்டு. ஓடையில் தண்ணீர் வருவது மேலே பனி உருகுவதால். வெயில் ஏற ஏற உருகும். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் ஓடை, மத்தியானம் மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். அதற்காக இருட்டில் கிளம்பினாலும் ஆபத்துதான். சாலையில் கசிந்த தண்ணீர் இரவில் கண்ணாடியாக உறைந்து கிடக்கும். தார் கறுப்பாகத்தான் தெரியும், சக்கரம் ஏறும்போதுதான் ஐஸ் என்று புரியும். நிழல் விழும் வளைவுகளில் அது கடைசியாகத்தான் கரையும். ஆகவே சர்ச்சுவிலிருந்து ஆறரை மணி வாக்கில் கிளம்பி, எட்டு மணிக்குமேல் பாரலாச்சா உச்சியில் இருங்கள். ஒன்பதரை பத்துக்குள், அந்தப் பக்க இறக்கத்தில் வரும் ஜிங்ஜிங்பார் பக்கத்து ஓடைகளைத் தாண்டிவிடலாம்.

காற்றும் அப்படித்தான். லேயிலிருந்து வரும்போது டங்லங் லாவிலிருந்து இறங்கினால் மோரே சமவெளி. சுமார் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, 4,700 மீட்டருக்கு மேலே, நம்மூர் மைதானம் போல் தட்டையாகக் கிடக்கும். தூரத்தில் ஆட்டு மந்தையும் மேய்ப்பவர்களின் கறுப்புக் கூடாரமும் தெரியும். காலையில் அங்கே இலை அசையாத அமைதி. மத்தியானத்துக்கு மேல் தரை சூடாகிக் குறுக்கே அடிக்கும் காற்றில் வண்டியைச் சாய்த்துப் பிடித்துத்தான் நேராக ஓட்ட முடியும். லேயிலிருந்து அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் மோரேயைத் தாண்டிவிடலாம். எந்த நாளும் மூன்று மணிக்குமேல் ஓட்டாமல் தங்குமிடம் சேருவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடையைக் கடப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கண்டதும் உள்ளே விட்டுவிடாதீர்கள். நிறுத்தி, ஒரு லாரி போகும்வரை காத்திருங்கள். லாரியின் சக்கரம் எங்கே இறங்குகிறது, எங்கே தூக்கிப் போடுகிறது என்று பாருங்கள். கல் எங்கே, பள்ளம் எங்கே என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஓடை சாலையைத் தாண்டிக் கீழே விழும் ஓரத்துக்குப் போகாதீர்கள், மலைப்பக்கமாகவே இருங்கள். முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில். நடுவில் கிளட்சைப் பிடித்தாலோ கியர் மாற்றினாலோ வண்டி நின்றுவிடும். சைலன்சர் தண்ணீருக்குள் இருந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும் வரை பயமில்லை. தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறும் என்று தோன்றினால் அன்றைக்குக் கடக்க வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேர் போனால் ஒருவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர் இறங்க வேண்டும். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவையுங்கள்.

குளிருக்கு ஓர் உத்தேசக் கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். செப்டம்பரில் டெல்லியில் 34 டிகிரி என்றால், 5,328 மீட்டர் உயர டங்லங் லாவில் ஒன்றிரண்டு டிகிரிதான். அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகும்போது, உடம்பு உணர்வது பூஜ்யத்துக்கு ஆறேழு டிகிரி கீழே. ஒரே தடிமனான ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உள்ளே தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்குமேல் ரைடிங் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே தனியாக மழைக்கோட்டு. ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் மழை லைனர் உங்களை நனையாமல் காக்கும், ஜாக்கெட்டைக் காக்காது. ஜாக்கெட் ஈரம் குடித்துக் கனத்து, அடுத்த கணவாயில் ஐஸ் மூட்டையாகிவிடும். கைதான் முதலில் மரத்துப் போகும், விரல் மரத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். பாத்திரம் கழுவப் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறையைப் பெரிய அளவில் ஒரு ஜோடி வாங்கி, ரைடிங் கையுறைக்கு மேலே மாட்டிக்கொள்ளுங்கள். காற்றும் நுழையாது, தண்ணீரும் நுழையாது. ஷூவுக்குப் பதில் மழைநாளுக்கு கம்பூட்ஸ் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. டெல்லி கரோல் பாக்கில் இதெல்லாம் கிடைக்கும்.

வண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சென்னையில் செய்த அந்த புல்லட் இந்த மலையை நன்றாகவே ஏறும், ஆனால் மெதுவாக. டங்லங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், அதனால் இன்ஜினின் பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டாம் கியரில் இழுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், அது கோளாறு இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய்ப் புகை கக்கும், மெக்கானிக்கிடம் சொல்லி ட்யூன் செய்யக் கற்றுக்கொண்டு போங்கள். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், பங்சர் சாமான் இவை நான்கும் கையில் இருக்கட்டும். புது கேபிளைப் பழைய கேபிளை ஒட்டியே இப்போதே இழுத்துக் கட்டிவைத்தால், குளிரில் விரல் விறைத்த நேரத்தில் முனையை மாற்றிப் போடுவது ஐந்து நிமிட வேலை. இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வராதீர்கள், கியரில் விட்டு இறங்குங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவை இறங்கிய உங்களுக்கு சர்ச்சுவுக்கு முன்னால் வரும் காட்டா லூப்ஸ் மலைச்சாலையின் 21 வளைவு பெரிய விஷயமில்லை. ஆனால் அங்கே குறுக்கு வழி என்று மண் தடங்கள் தெரியும், அதில் போகாதீர்கள்.

பெட்ரோல் முக்கியம். லேயிலிருந்து வரும்போது காரு என்ற ஊரில் டேங்கை நிரப்பிவிட்டால், அடுத்து நம்பக்கூடிய பங்க் தாண்டி என்ற ஊரில்தான். நடுவில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 13 லிட்டர் டேங்கில் சாதாரணமாக 35 கிலோமீட்டர் மைலேஜுக்கு 450 வரும் என்று கணக்குப் போடுவீர்கள். மேலே சின்ன கியரிலேயே ஓடுவதால் 27, 28க்கு இறங்கிவிடும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் சில. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். காஷ்மீர் பாதையின் நிலைமையைக் கிளம்பும் வாரம் செய்தியில் பார்த்துவிடுங்கள். சோஜி லாவில் வண்டிகளை நேரம் வகுத்து விடுவார்கள், அதை முந்தின நாளே சோன்மார்க்கில் விசாரியுங்கள். ராணுவ கான்வாய் வந்தால் ஓரம் கட்டி நின்று வழிவிடுங்கள். வழியில் தமிழ் ஜவான்களை நிச்சயம் பார்ப்பீர்கள். மோரேக்கு அடுத்து வரும் பாங் என்ற இடத்தில் என் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த முருகன் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஒருவர், "அண்ணே, எந்த ஊரு?" என்று ஓடி வந்தார். திருநெல்வேலிக்காரர். எட்டு மாதமாகத் தமிழில் நேரில் பேசவில்லை என்றார். நான் கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சலில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

புளிக்காய்ச்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது, நீங்களும் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். உயரத்தில் பசியே எடுக்காது. ஆனால் சாப்பிடாமல் ஓட்டவும் முடியாது. கூடாரங்களில் சோறும் பருப்பும் எங்கேயும் கிடைக்கும், குக்கரில்தான் வைப்பார்கள், ஏனென்றால் அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது. அந்தச் சோற்றில் ஒரு கரண்டி புளிக்காய்ச்சல் விழுந்தால் நாக்கு விழித்துக்கொள்ளும்.

கடைசியாக நாள் கணக்கு. டெல்லி, பதான்கோட், ஸ்ரீநகர், கார்கில், லே என்று நான்கு நாள். லேயில் இரண்டு நாள். சர்ச்சு, மனாலி, சண்டிகர், டெல்லி என்று நான்கு நாள். சரியாகப் பத்து நாள் வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வழி அடைத்து ஒரு நாள் நின்றாலும், லீவு முடிகிறதே என்று மத்தியானம் மூன்று மணி ஓடையில் இறங்கத் தோன்றும். பன்னிரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு நாளும் மிஞ்சினால் லேயில் கூடுதலாக இருந்துவிட்டு வாருங்கள். மனாலியிலிருந்து டெல்லிக்கு ஒரே மூச்சில் 530 கிலோமீட்டர் ஓட்டலாம் என்று அப்போது தோன்றும், பெரிய கணவாய் எல்லாம் தாண்டி வந்த தெம்பு இருக்கும். மண்டியில் இறங்கியதும் புழுக்கம் ஆரம்பித்துக் கண் சொக்கும். சண்டிகரில் ஓர் இரவு தூங்கிவிட்டுத்தான் வர வேண்டும்.

கிளம்பும் தேதி முடிவானதும் எழுதுங்கள். ஐந்து லிட்டர் கேன் இரண்டு என்னிடம் சும்மாதான் இருக்கின்றன, கட்டுகிற ரப்பர் வாரும் சேர்த்து. மயூர் விஹாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், கேபிள் கட்டுவதையும் அப்போதே காட்டித் தருகிறேன்.